மகளுக்கு ‘போர்டு’ வேணுமாம்! கடன் கொடுக்கலாமா?



ஆவணி மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு கடன் மனு வந்தது. கேட்டவர் ஏழு வருடமாகத் தவறாமல் சேமிப்பு கட்டி வருகிற உறுப்பினர். நாட்டுக்கோழி வளர்க்கிறார். மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு. மனுவில் ‘மகள் படிப்புக்காக ரூ.55,000’ என்று எழுதியிருந்தது. அதில் 38,000 மடிக்கணினிக்கு. மீதி 17,000 ‘கிட், சாஃப்ட்வேர், பயிற்சி’ என்று டவுனில் ஒரு பயிற்சி நிலையம் எழுதிக் கொடுத்த தொகை.

“கிட்டுன்னா என்னக்கா?” என்று ஒருவர் கேட்டார். “எனக்கும் தெரியலம்மா. ஆர்டுவினோன்னு சொல்றா. சின்ன போர்டு. முட்டை பொரிக்கிற பெட்டியில வெச்சா சூடு கூடினாலும் குறைஞ்சாலும் சத்தம் போடுமாம். போன தடவை அறுபது முட்டையில பதினொண்ணுதானே பொரிஞ்சுது” என்றார் அவர்.

பிரதிநிதி அக்கா, “விசாரிச்சுட்டு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம்” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூட்டமைப்பு அலுவலகத்தில் கணினியில் கணக்கு ஏற்றுகிறவள். கணினி என்று பேச்சு வந்தாலே வேலை என் தலையில்தான் விழும். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, பாலிடெக்னிக் ஆசிரியரையும் கேட்டு, ஒரு மாதம் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இப்போது பல பள்ளிகளில் ‘அடல் டிங்கரிங் லேப்’ இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்த போர்டைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்.

போர்டு என்பது என்ன?

துணி துவைக்கும் மிஷினில் இத்தனை நிமிடம் சுற்று, பிறகு தண்ணீரை வெளியே விடு என்று சொல்வது யார்? உள்ளே விரல் நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் குட்டிக் கணினி. மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். அந்தச் சில்லைத் தனியாக வாங்கி வேலை செய்வது கஷ்டம். அதனால் ஒரு பச்சை அல்லது நீல அட்டையில் அதைப் பதித்து, யுஎஸ்பி ஒயர் மாட்ட ஓட்டை வைத்து, ஒயர் சொருகக் கால்கள் வைத்து விற்கிறார்கள். அதுதான் போர்டு.

போர்டு வாங்கியதும் அதற்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதி ஏற்ற வேண்டும். அந்த எழுத்துக்கு நிரல் என்று பெயர், பிள்ளைகள் ‘புரோகிராம்’ என்பார்கள். கணினியில் எழுதி, போர்டுக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, ஒயர் வழியாக ஏற்றுவோம். எழுத, மாற்ற, ஏற்ற என்று மூன்று வேலை. மூன்றையும் ஒரே மென்பொருள் செய்து கொடுக்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் ‘கருவி’ என்று சொல்லப் போகிறேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிரலை ஏற்றி முடித்த பிறகு கணினி தேவையே இல்லை. போர்டைக் கழற்றி செல்போன் சார்ஜரில் மாட்டினால் போதும், எழுதியதை மறக்காமல் செய்துகொண்டே இருக்கும். மின்சாரம் போய் வந்தாலும் மறக்காது. மாவு மில்லுக்குப் போய் அரைத்து வந்து நம் வீட்டு அடுப்பில்தான் சமைக்கிறோம். அதற்காக யாரும் மில்லை வீட்டுக்கு வாங்குவதில்லை. இந்த வேலைக்குக் கணினி மில் மாதிரி. வாரத்தில் நாலு மணி நேரம் எங்காவது கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

மென்பொருளுக்குக் காசு இல்லை

பயிற்சி நிலையத்தின் தாளில் ‘சாஃப்ட்வேர்’ என்று தனியாக 3,500 ரூபாய் போட்டிருந்தது. அது எந்த மென்பொருள் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆர்டுவினோ ஐடிஇ. அதை ஆர்டுவினோ நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திருட்டுப் பிரதி இல்லை, முறைப்படியே இலவசம். பதிவிறக்கும் பக்கத்தில் ‘நன்கொடை தருகிறீர்களா?’ என்று கேட்கும். தராமலும் இறக்கலாம்.

ஏன் இலவசம் என்றால் அது பிறந்த கதை அப்படி. இத்தாலி நாட்டில் இவ்ரியா என்று ஒரு ஊர். அங்கே வடிவமைப்பு சொல்லித் தரும் கல்லூரி ஒன்று இருந்தது. மாணவர்கள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கிடையாது. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சுலபமான போர்டு வேண்டும் என்று மாசிமோ பான்சி என்ற ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் ஆர்டுவினோவைத் தொடங்கினார்கள். பெயர் அவர்கள் போய் உட்காரும் கடையின் பெயர். அதற்கு முன்பே அதே கல்லூரியில் எர்னாண்டோ பாராகன் என்ற கொலம்பியா நாட்டு மாணவர் ‘வயரிங்’ என்று ஒன்றை உருவாக்கியிருந்தார். அதன் மேல்தான் ஆர்டுவினோ எழுந்தது. அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

போர்டின் வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்தே வைத்தார்கள். அதனால் அதே வரைபடத்தில் வேறு ஆட்கள் செய்த போர்டுகள் கடையில் கிடைக்கின்றன. அசல் போர்டு விலை அதைவிடப் பல மடங்கு. நகல் போர்டு வாங்குவது தப்பில்லை, ஆர்டுவினோ என்ற பெயரைப் போட்டு அசல் மாதிரி விற்பதுதான் தப்பு. கற்றுக்கொள்ள நகலே போதும் என்றுதான் பாலிடெக்னிக் ஆசிரியரும் சொன்னார். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்வி: வீட்டில் என்ன இருக்கிறது?

எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தோழி ஒருத்தி ‘விஎஸ் கோடு’, ‘பிளாட்ஃபார்ம் ஐஓ’ என்று பெரிய பெயராகச் சொல்லியிருந்தாள். அவை நல்ல கருவிகள்தான். நூறு பக்க நிரலை நாலு பேர் சேர்ந்து எழுதும்போது உதவும். அதற்கு நல்ல கணினி வேண்டும், அதனால்தான் 38,000 ரூபாய் மடிக்கணினி பட்டியலில் வந்தது! கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்காக இயந்திரம் வாங்கப் போனால் கடன்தான். வீட்டில் இருக்கிற இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் செலவே இல்லை.

அவர்கள் வீட்டில் என்ன இருந்தது? அம்மாவின் செல்போன் ஒன்று. பிறகு அந்தப் பெண்ணின் தாய்மாமா 2013-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பரணில். பேட்டரி செத்துவிட்டது, கரண்டில் மாட்டினால் ஓடும். விண்டோஸ் 7. ரேம் 2 ஜிபி.

ஆர்டுவினோ ஐடிஇயில் இரண்டு வகை உண்டு. 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், தவறான இடத்தில் கோடு போட்டுக் காட்டும். ஆனால் விண்டோஸ் 10-உம் 64 பிட் கணினியும் கேட்கும், பழைய இயந்திரத்தில் திணறும். அதற்கு முந்தைய 1.8.19 என்ற பதிப்பு சாதாரணமானது. விண்டோஸ் 7-ல் ஓடும். யூனோ போர்டுக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, நெட் இல்லாமல் வேலை நடக்கும். நிறுவனம் அதற்குப் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது, இருந்தாலும் அதே தளத்தில் இன்னும் இறக்க முடியும். நான் அலுவலகக் கணினியில் இறக்கி பென் டிரைவில் கொடுத்தேன். பரணில் கிடந்த மடிக்கணினியில் அது திறக்க இரண்டு நிமிடம் ஆனது. திறந்த பிறகு தொல்லை இல்லை.

கணினியே இல்லாத வீட்டிலும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ‘ஆர்டுவினோட்ராய்டு’ என்று ஒரு செயலி. போனிலேயே எழுதி, ஓடிஜி ஒயர் வழியாக யூனோவில் ஏற்றலாம். விளம்பரம் வரும், சின்னத் திரையில் எழுதக் கண் வலிக்கும், எல்லாப் போனும் ஓடிஜி ஏற்காது. அவசரத்துக்கு நல்லது. முழுப் படிப்பையும் இதிலேயே ஓட்டுவது கஷ்டம்.

நெட் பேக் எவ்வளவு என்பதையும் பாருங்கள். ‘இஎஸ்பி 32’ என்ற போர்டு மலிவு, வைஃபையும் ப்ளூடூத்தும் அதிலேயே இருக்கிறது, அதனால் கடைக்காரர்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஆர்டுவினோ ஐடிஇயில் அதைச் சேர்க்க முதல் தடவை சில நூறு எம்பி இறங்க வேண்டும். பாதியில் அறுந்தால் மறுபடியும். யூனோவில் இந்தப் பிரச்சினை இல்லை. பெட்டியில் சூடு பார்த்துச் சத்தம் போட வைஃபை எதற்கு? எங்கள் முடிவு யூனோ.

இரண்டாவது கேள்வி: எழுதப் போவது யார்?

எழுதுவதில் மூன்று விதம் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டைகளை அடுக்குவது போல ஒரு முறை. ‘விளக்கை எரி’ என்று ஒரு கட்டை, ‘ஒரு நொடி பொறு’ என்று ஒரு கட்டை. விரலால் இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டியதுதான். எழுத்துப் பிழையே வராது. மைக்ரோபிட் என்ற போர்டுக்கு ‘மேக்கோடு’ என்ற கருவி இப்படி வேலை செய்யும். இந்த போர்டு இங்கிலாந்தில் 2016-ல் பிபிசி முயற்சியில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க உண்டானது. போனிலிருந்தே ப்ளூடூத் வழியாக நிரலை ஏற்றலாம், ஒயர்கூட வேண்டாம். யூனோவுக்குக் கட்டை அடுக்கும் கருவி வேண்டுமானால் ‘எம்பிளாக்’, ‘பிக்டோபிளாக்ஸ்’ இருக்கின்றன. ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு இதுதான் சரி. “இது பொம்மை வேலை, நேராக எழுத்துக்குப் போ” என்று சொல்லும் டியூஷன்காரர்களை நம்பாதீர்கள். பிள்ளை முதலில் கற்க வேண்டியது எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற ஒழுங்கு. அது கட்டையிலும் வரும்.

இரண்டாவது, ஆர்டுவினோவில் தட்டச்சு செய்து எழுதுவது. சி பிளஸ் பிளஸ் என்ற மொழி. கடைசியில் அரைப்புள்ளி விட்டால் கோபித்துக்கொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அப்படித்தான். ஆனால் உலகத்தில் அதிகம் பேர் எழுதி வைத்த மாதிரிகள் இதில்தான் இருக்கின்றன, பாலிடெக்னிக் ஆய்வகத்திலும் இதுதான்.

மூன்றாவது பைத்தான். படிக்க எளிய மொழி. அதைச் சின்ன போர்டுக்கு ஏற்றபடி சுருக்கி, டேமியன் ஜார்ஜ் என்பவர் 2013-ல் மைக்ரோபைத்தான் என்று கொண்டு வந்தார். எஸ்டோனியா நாட்டில் உருவான ‘தானி’ என்ற இலவசக் கருவியில் எழுதலாம். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற போர்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். போர்டில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே ஒயரை மாட்டினால் பென் டிரைவ் போலத் தெரியும், மைக்ரோபைத்தான் கோப்பை அதில் போட்டால் முடிந்தது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அந்தப் பெண் விழப் பார்த்தாள். யூடியூபில் பைத்தான் பாடம் பார்த்து வைத்திருந்தாள். வாங்கப் போனது யூனோ. யூனோவில் நிரல் ஓடும்போது பயன்படும் நினைவிடம் 2 கேபி மட்டும்தான். மைக்ரோபைத்தான் அதில் நுழையவே நுழையாது. வாங்கிவிட்டு “போர்டு கெட்டுப்போச்சு” என்று கடையில் சண்டை போட்டிருப்பாள். அதனால் போர்டும் கருவியும் ஒன்றுக்கொன்று சேருமா என்று முதலில் பாருங்கள். ஜாதகம் பார்க்கிறோமோ இல்லையோ, இதைப் பார்க்க வேண்டும்.

மொழியைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பாள்? பாலிடெக்னிக் ஆசிரியருக்கு ஆர்டுவினோ தெரியும், பைத்தான் அவ்வளவு பழக்கமில்லை. அதனாலேயே ஆர்டுவினோ என்று முடிவு செய்தோம். இப்போது பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் கேட்டு நிரல் வாங்கி அப்படியே ஒட்டுகிறார்கள். அது ஆறாவது காலில் ஒயர் இருப்பதாக எழுதும், இவள் இரண்டாவது காலில் மாட்டியிருப்பாள். கேட்கட்டும், தப்பில்லை. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேட்டு, நோட்டில் எழுதிவிட்டு ஒட்டட்டும்.

வாங்கும் முன்பே செய்து பார்க்கலாம்

இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ‘டிங்கர்கேட்’ என்ற இணையதளத்தில் யூனோ போர்டு படமாக இருக்கிறது. திரையிலேயே ஒயர் மாட்டி, விளக்கு வைத்து, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். காசு கிடையாது. ‘வோக்வி’ என்று இன்னொரு தளத்தில் யூனோ, இஎஸ்பி 32, பிக்கோ மூன்றும் உண்டு. திரையில் தப்பாக மாட்டினால் எதுவும் புகையாது. அந்தப் பெண் இரண்டு சனிக்கிழமை எங்கள் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து செய்தாள். முதல் நிரல் விளக்கு எரிவது: எரி, ஆயிரம் என்று பொறு, அணை, ஆயிரம் என்று பொறு. ஆயிரம் என்றால் ஒரு நொடி, அது மில்லி விநாடிக் கணக்கு. ஆயிரத்தை நூறாக்கினாள், விளக்கு படபடவென்று மின்னியது. அவளைவிட அவள் அம்மாதான் அதிகம் சிரித்தார். போர்டு இன்னும் வாங்கவே இல்லை அப்போது!

போர்டு வந்த முதல் நாள்

அடுத்த கூட்டத்தில் என்ன முடிவானது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், போர்டு வந்த அன்று மாலை முழுவதும் நாங்கள் பட்ட பாடு. உங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும்.

மாட்டினோம். போர்டில் விளக்கு எரிகிறது. கணினியோ போர்டே இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஒயர். செல்போன் சார்ஜ் ஒயர்களில் சில கரண்டை மட்டும் கொண்டு போகும், தகவலைக் கொண்டு போகாது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். போனைக் கணினியில் மாட்டிப் படங்களை எடுக்க முடிகிற ஒயர்தான் வேலைக்கு ஆகும்.

சரியான ஒயர் மாட்டியும் வரவில்லை. நகல் போர்டில் ஒரு சிக்கல் என்றேனே, அது இதுதான். மலிவு போர்டுகளில் கணினியோடு பேச ‘சிஎச் 340’ என்ற வேறு சில்லு வைத்திருப்பார்கள். அதற்குத் தனி டிரைவர் மென்பொருள் வேண்டும், பழைய விண்டோஸில் நாமே ஏற்ற வேண்டும். அதுவும் இலவசம்தான். ஏற்றியதும் ‘போர்ட்’ பட்டியலில் ‘காம் 3’ என்று ஒரு வரி புதிதாக வந்தது. ஒயரைக் கழற்றினால் எந்த வரி மறைகிறதோ அதுதான் நம் போர்டு. போர்டின் பெயரையும் பட்டியலில் ‘யூனோ’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். குட்டியாக ‘நானோ’ என்று ஒரு போர்டு இருக்கிறது, அதன் நகல்கள் சிலவற்றுக்கு ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஏறும்.

சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் பிழை வந்தால் பயப்பட வேண்டாம். மொழி மாற்றும்போது வந்த பிழையா, ஏற்றும்போது வந்த பிழையா என்று மட்டும் பாருங்கள். முதலாவது என்றால் நாம் எழுதியதில் தப்பு, முதலில் காட்டுகிற வரியைத் திருத்தினால் அடுத்தவை தானாகப் போய்விடும். இரண்டாவது என்றால் நிரல் சரி, ஒயர், போர்ட், போர்டு பெயர் இந்த மூன்றில் ஒன்று தப்பு. இது தெரியாமல் நன்றாக இருந்த நிரலை அவள் மூன்று தடவை அழித்து எழுதினாள்.

சூடு காட்டும் உறுப்பு

முட்டைக்கு வருவோம். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 21 நாள். குறைவதைவிடக் கூடுவதுதான் ஆபத்து, உள்ளே குஞ்சு செத்துவிடும். பயிற்சி நிலையத்தின் கிட்டில் இருந்த உறுப்பு ‘டிஎச்டி 11’. அதன் தாளிலேயே 2 டிகிரி வரை கூடக் குறையக் காட்டும் என்று போட்டிருக்கிறது. பெட்டியில் 39 இருக்கும்போது அது 37 என்று காட்டினால் நாம் நிம்மதியாகத் தூங்குவோம், முட்டை வேகும். வகுப்பில் சூடு, ஈரப்பதம் என்று செய்து காட்ட அது போதும், பிழைப்புக்குப் போதாது. ‘டிஎஸ் 18பி20’ என்று இன்னொன்று இருக்கிறது, அரை டிகிரிக்குள் சொல்லும். தண்ணீர் புகாத குழாயில் போட்டு ஒயரோடும் கிடைக்கிறது. அதோடு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கும் கருவிக்கும் சம்பந்தம் உண்டு. ஒவ்வொரு உறுப்போடும் பேசத் தனி நிரல் வேண்டும். யாரோ எழுதி வைத்ததை ‘லைப்ரரி’ என்று கருவியில் சேர்த்துக்கொள்கிறோம். இந்த உறுப்புக்கு ஆர்டுவினோவில் லைப்ரரி தயாராக இருக்கிறது, நெட் இல்லாவிட்டால் ஜிப் கோப்பாகப் பென் டிரைவில் கொண்டு வந்தும் சேர்க்கலாம். உறுப்பை வாங்கும் முன் நம் கருவியில் அதற்கு லைப்ரரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் உள்ள குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரிகிறது. போர்டு வெறும் 5 வோல்ட். ரிலே என்ற உறுப்பை வைத்துப் பல்பையே அணைக்க, ஏற்ற வைக்கலாம், வீடியோவில் சுலபமாகக் காட்டுவார்கள். அந்த ஒயர் வேலையைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய விடாதீர்கள். எங்கள் பெண்ணிடம் இப்போதைக்குச் சத்தம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டோம். ரிலே வேலைக்கு ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன் வந்த பிறகுதான்.

புரட்டாசிக் கூட்டம்

கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொன்னேன். போர்டு, சூடு உறுப்பு இரண்டு, சின்னத் திரை, பஸ்ஸர், ஒயர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் வரும், மென்பொருளுக்கு ஒன்றுமில்லை, மடிக்கணினி பரணில் இருக்கிறது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர் கேட்டார்: “எல்லாம் சரி. ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம குழுவுலயே பையனுக்கு பைக் வாங்க எழுபதாயிரம் கொடுத்தோம். அன்னைக்கு யாராச்சும் ஒரு மாசம் விசாரிச்சோமா? பொண்ணு படிக்கக் கேட்டா மட்டும் பரணைத் தேடுறோம்.”

யாரும் பேசவில்லை. எனக்கும் முகம் சுருங்கிவிட்டது. அவர் கேட்டது நியாயம். மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் செய்யும்போது அந்தப் பழைய மடிக்கணினி தாங்காது, அவளுக்கு நல்லது ஒன்று வேண்டியிருக்கும் என்று ஆசிரியரும் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: இப்போது உள்கடன் 1,500, ஐந்து மாதத் தவணை. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது மடிக்கணினிக்கு மனு கொடுத்தால் குழு முன்னுரிமை தரும். பயிற்சி நிலையத்துக்கு 17,000 கிடையாது. மகளுக்கு முதலில் வருத்தம்தான், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் புதிது வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லையாம்.

இப்போது பெட்டியின் மேல் போர்டு இருக்கிறது. 36.5-க்குக் கீழே போனாலும் 38.3-க்கு மேலே போனாலும் கத்தும். முதல் வாரமே மின்வெட்டு வந்தது, போர்டும் சார்ஜரில்தானே இருந்தது, பல்போடு சேர்ந்து அதுவும் அணைந்துவிட்டது! சத்தம் வேண்டிய நேரத்தில் சத்தம் இல்லை. பிறகு பவர் பேங்கில் மாட்டினார்கள். சில பவர் பேங்குகள், போர்டு இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். மாமாவின் பவர் பேங்க் அப்படி அணைந்தது, பக்கத்து வீட்டுப் பழையது அணையவில்லை. இரவல்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

போன செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு அது கத்தியிருக்கிறது. அம்மா எழுந்து, பெட்டியைச் சாக்கால் மூடி, சுடுதண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்துவிட்டு, கரண்ட் வரும் வரை உட்கார்ந்திருந்தாராம். “அவளை எழுப்பல. காலையில பரீட்சை” என்றார். பொரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.